உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் குரோஷே பூச்சாடி

குரோஷே பூச்சாடிக் காணொளிகளில் முக்கால்வாசி நேரம் பூவிலேயே போய்விடும். இதழ் இப்படி விரிய வேண்டும், நிறம் இந்த இடத்தில் மாற வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகக் காட்டுவார்கள். கடைசியில் ஒரு கம்பியைக் குத்தி, பஞ்சை அடைத்து, மூடித் தைத்துவிட்டு முடிந்தது என்பார்கள். குளிரூட்டிய அறையில் மேசைமேல் இருக்கப்போகும் சாடிக்கு அது போதும். திருகோணமலை வீட்டு யன்னலுக்குப் போதாது.

நகருக்குள் எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதாவது ஒரு குடாவில் போய் முடிகிற ஊர் இது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கினால் யன்னல் சீலை மேலே எழும்பி நிற்கும். கையில் எடுத்தால் பாரமே தெரியாத நூல்சாடி அதற்கு எம்மாத்திரம்? ஐப்பசியிலிருந்து தை வரை மழையும் ஈரமும். உப்பு மட்டும் ஆண்டு முழுவதும். இரும்பு யன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிற இடத்தில் ஒரு மெல்லிய பூக்கம்பி எவ்வளவு காலம் தாங்கும்? ஆகவே இங்கே சாடி நிலைப்பதும் கெடுவதும் கம்பியையும் அடிப்பாரத்தையும் பொறுத்தது. பூ அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு திருத்த வேலை

மச்சாளின் வீடு டச்சுக்குடாப் பக்கம். குடிபூரலுக்கு வந்த டெய்சிப் பூச்சாடி ஒன்றைக் கொண்டுவந்து, "எப்படியாவது திருத்தித் தாங்கோ மச்சாள், எறிய மனமில்லை" என்றார். வடிவான வேலை. வெள்ளை இதழ், மஞ்சள் நடு, எல்லாத் தையலும் ஒரே இறுக்கம். பின்னியவர் தேர்ந்த கைக்காரர். ஆனால் இதழ்களின் அடியில் பழுப்புக் கறை ஓடியிருந்தது. தண்டு ஒரு பக்கம் சரிந்துபோய் நின்றது.

இப்படி ஒன்றைத் திருத்தும்போது பூவில் கை வைக்கக் கூடாது. சாடியின் வாயில் மண் மாதிரி ஒரு பழுப்பு வட்டம் தைத்திருப்பார்கள் அல்லவா, அதைச் சுற்றியுள்ள தையலை மட்டும் சிறு கத்தரிக்கோலால் வெட்டினால் முழுச் சாடியும் திறந்துவிடும். உள்ளே முழுக்கப் பஞ்சு. அடியில் பாரம் எதுவும் இல்லை. தண்டுக்குள் இருந்தது கடதாசி சுற்றிய மெல்லிய இரும்புக் கம்பி. பூ அலங்காரக் கடைகளில் பச்சை நிறத்தில் கிடைக்கிற அதே கம்பிதான். மண் வட்டத்துக்குள் அது நுழைகிற இடத்தில் துரு தின்று, தொட்டதும் முறிந்தது. ஏன் அந்த இடம் என்றால், கடதாசியும் பருத்தி நூலும் அங்கேதான் நெருக்கிப் பிடித்திருக்கும். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரம் காய வழி இருக்காது. மேலே பூவின் கழுத்திலும் இதே கதைதான். அங்கிருந்துதான் கறை இதழுக்கு இறங்கியிருக்கிறது.

துருக்கறையைக் கண்டதும் பலர் ப்ளீச்சை எடுப்பார்கள். எடுக்க வேண்டாம். குளோரின் ப்ளீச் துருக்கறையைப் போக்காது, இன்னும் ஆழமாகப் பதித்துவிடும். துருவைக் கரைக்க அமிலம் வேண்டும். தேசிக்காய்ப் புளியும் உப்புத் தூளும் சேர்த்துக் கறையில் தடவி, வெயிலில் வைத்து, காய விடாமல் மறுபடி மறுபடி புளி விட்டால் பழுப்பு மெல்ல மஞ்சளாகி மறையும். தேசிக்காயில் இருக்கும் சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். பிறகு நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுவது முக்கியம். புளியோ உப்போ நூலில் தங்கினால் புதுக் கம்பிக்கும் அதே கதிதான். வெள்ளை நூலில் இது நன்றாக வேலை செய்தது. நிற நூல் என்றால் முதலில் உள்பக்கத்தில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும்.

கம்பிக்கு எங்கே போவது

துருப்பிடிக்காத கம்பி என்றதும் மீன்பிடிச் சாமான் கடையில் இருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிதான் நினைவுக்கு வரும். உப்புத் தண்ணீரையே தாங்குவதாயிற்றே. ஆனால் அது வில் மாதிரித் துள்ளும்; வளைத்த இடத்தில் நிற்காது. பூத்தண்டுக்கு வளைந்தால் வளைந்தபடி நிற்கிற சாது வேண்டும்.

அந்தச் சாது செம்பு. மோட்டர் சுற்றும் கடைகளில் அரக்கு நிறப் பூச்சோடு செப்புக் கம்பி எடைக்குக் கிடைக்கும். பூச்சு இருப்பதால் உப்புக்காற்று நேரே செம்பில் படாது. அதைவிட எனக்குப் பிடித்தது வீட்டு வயரிங்கில் மிஞ்சும் பச்சை எர்த் வயர். 1/1.13 என்று குறிப்பார்கள், 1.13 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே ஒரு செப்புக் கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை. உறை பச்சை என்பதால் நூலுக்கு இடையில் கொஞ்சம் தெரிந்தாலும் தண்டு மாதிரியே இருக்கும். வீடு கட்டுகிற எவரிடமும் துண்டு துண்டாகக் கிடக்கும், கேட்டால் சும்மா தருவார்கள். பல இழைகள் முறுக்கிய வயர் வேண்டாம். அது தலை நிமிர்ந்து நிற்காது. வெட்டிய இரு முனைகளிலும் செம்பு வெளியே தெரியும். அங்கே ஒரு சொட்டுக் கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) தொட்டு வைத்தால் பச்சைக் களிம்பு பிடிக்காது.

டெய்சிச் சாடிக்கு இந்த வயரைத்தான் போட்டேன். பழைய தண்டின் நூல் உறையை அவிழ்க்காமல் முறிந்த கம்பியை மட்டும் குறட்டால் உருவி, அதே துளையில் புதியதை ஏற்றியாயிற்று. அந்த உறை கொஞ்சம் தளர்வாக இருந்தது அதிர்ஷ்டம். இறுக்கமாகச் சுற்றிய தண்டென்றால் நூலை அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவதைத் தவிர வழியில்லை.

பட்டிப்பூச் சாடி, அடியிலிருந்து

அந்தத் திருத்த வேலை முடிந்த கையோடு புதிதாகச் செய்தவை பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணிச் சாடிகள். டியூலிப்பும் லவெண்டரும்தான் எல்லாரும் பின்னுகிறார்கள், பின்னட்டும். ஆனால் மண்ணில் நட்டு வளர்ந்த டியூலிப்பை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. பட்டிப்பூ வேலியோரத்தில், கோயில் வீதியில், வெறும் கடல்மணலில் கூட யாரும் தண்ணீர் விடாமலே பூத்து நிற்கும். ஐந்து இதழ், நடுவில் ஒரு கண். குரோஷேக்கென்றே செய்த பூ மாதிரி.

நூலுக்கு இப்போது கடைகளில் மில்க் காட்டன் என்று 50 கிராம் உருண்டையாக வருவது நல்லது. பெயரில் பால் இருந்தாலும் பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்ததுதான். ஊசி 2.5 மில்லிமீற்றர். உருண்டையின் தாளில் இதைவிடப் பெரிய ஊசியைச் சொல்லியிருக்கலாம். அது உடுப்புப் பின்னுகிறவர்களுக்கு. சாடிக்குத் தையல் இறுக்கமாக இருந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே எட்டிப் பார்க்காது. அம்மம்மாவின் லாச்சியில் இருந்த றேந்தை பின்னும் ஸ்டீல் ஊசி என்னிடம் இருக்கிறது. மேசை விரிப்பின் ஓரத்துக்கு மெல்லிய நூலில் அவர் பாவித்தது. இந்தத் தடிப்பான நூலுக்கு அது சரிவராது, ஆனால் முடிவில் நூல் முனைகளை உள்ளே இழுத்து ஒளிப்பதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை.

தையல் பெயர்களை இங்கே அமெரிக்க வழக்கில் சொல்கிறேன், காணொளிகளில் அதுதான் அதிகம். பிரிட்டிஷ் வழக்குப் புத்தகம் வைத்திருப்பவர்கள் சிங்கிளை டபுள் என்றும், டபுளை ட்ரெபிள் என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல் நிற நூலில் மேஜிக் ரிங் (நூல் முனையை இழுத்தால் இறுகி மூடும் வளையம்) போட்டு 6 சிங்கிள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு, ஆக 12. பிறகு சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டி 18, 24, 30. இந்த ஆறு என்பது சும்மா ஒரு எண் இல்லை. சிங்கிள் தையலில் சுற்றுக்கு ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாகப் படுக்கும். குறைந்தால் கிண்ணமாகக் குவியும், கூடினால் ஓரம் அலையலையாகச் சுருங்கும். 30 வந்ததும் கூட்டுவதை நிறுத்தி, ஒரு சுற்றைக் கண்ணின் பின் இழையில் மட்டும் பின்ன வேண்டும். முன் இழை வெளியே ஒரு கோடாக நின்றுவிடும். அடியும் சுவரும் சந்திக்கிற மடிப்பு அதுதான். இதைச் செய்யாமல் விட்டால் அடி உருண்டு, சாடி பந்து போல ஆடும்.

சுவர் மூன்று சுற்று 30 இலேயே ஏறட்டும். பிறகு நான்கு சிங்கிளுக்கு ஒரு கூட்டல் வீதம் 36. மறுபடி மூன்று சுற்று 36. மண்சாடிக்கு உரிய விரிந்த வாய் இந்த ஒரு கூட்டலிலேயே வந்துவிடும். கழுத்துப் பட்டிக்கு முன் இழையில் மட்டும், ஐந்து சிங்கிளுக்கு ஒரு கூட்டலாக 42. அதன்மேல் இரண்டு சுற்று கூட்டாமல் பின்னி, வெட்டி, வெளிப்புறம் மடித்துவிட வேண்டும். இப்போது உள்ளே பின் இழைகள் 36 சும்மா நிற்கும். அவை மண் வட்டத்தைத் தைப்பதற்கு.

மண் வட்டம் கடும் பழுப்பில் 6, 12, 18, 24, 30, 36. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் கண்ணுக்குக் கண் பொருந்தும். இதை மட்டும் மேஜிக் ரிங்கில் தொடங்க வேண்டாம். ஆறு செயின் போட்டு வளையமாக இணைத்துத் தொடங்கினால் நடுவில் தண்டு போக ஒரு துளை இருக்கும். மேஜிக் ரிங்கை இறுக்கிவிட்டுப் பிறகு வயரைக் குத்தி நுழைப்பது நூலுக்கும் விரலுக்கும் கேடு.

பாரம்

கடற்கரை ஊரில் மணலுக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். கடல்மணலை அப்படியே எடுத்து அடைத்தால் அதில் இருக்கும் உப்பு மழைக்காலம் முழுவதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாடியின் அடி எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். நல்ல தண்ணீரில் பல தடவை அலசி, தாச்சியில் போட்டு வறுத்து எடுத்தால் பாவிக்கலாம். ஆற்று மணல் கிடைத்தால் அந்தப் பாடு இல்லை. மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. கட்டட வேலைக்கு வரும் ஆற்று மணலில் ஒரு பேணி வாங்கி அரித்து வைத்தால் கனக்கச் சாடிகளுக்கு வரும்.

வடக்கே புல்மோட்டைக் கரையில் இருக்கும் கறுப்பு மணலைப் பற்றி ஒருவர் கேட்டார். இல்மனைட் என்ற பாரமான கனிமம் கலந்த மணல் அது. இல்மனைட்டின் அடர்த்தி 4.7 அளவில், சாதாரண மணலின் 2.65 உக்குக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. சின்னச் சாடிக்கு அதைவிடப் பொருத்தமான பாரம் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் அது அரசு தோண்டி எடுத்து ஏற்றுமதி செய்யும் கனிமம். பூச்சாடி செய்வதற்கு அள்ளிவர முடியாது. ஆசைப்படுவதோடு சரி.

இந்த அளவுச் சாடிக்கு 60 முதல் 70 கிராம் மணல் பாதி உயரம் வரை வரும். சின்னப் பொலித்தீன் பையில் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு, முடிச்சைக் கீழ்ப்பக்கம் வைக்க வேண்டும். இரண்டு பை எதற்கு என்றால், மச்சாளின் மாமியார் கண்பார்வை குறைந்தவர். புதிதாகச் செய்துகொடுத்த பட்டிப்பூவுக்கு ஒரு காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டார். நூலைப் பிழிந்து காயவைத்ததோடு தப்பியது. மணல் நனைந்திருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

சாடிக்குள் வைக்கும் ஒழுங்கு இது. முதலில் யோகட் கப்பின் அடியை வட்டமாக வெட்டி அடியில் போடுங்கள், அடி உப்பாது. அடுத்து தண்டு. வயரின் கீழ்முனையைக் குறட்டால் நுளம்புத்திரி போலச் சுருட்டி, அந்தச் சுருள் பிளாஸ்டிக் வட்டத்தின்மேல் படுக்க, தண்டு நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதன்மேல் மணல் பையைத் தண்டைச் சுற்றி வளைத்து வைக்கிறோம். இப்போது பாரம் கம்பியின் காலையே மிதித்துக்கொண்டு நிற்கிறது; பிள்ளைகள் பூவைப் பிடித்து இழுத்தாலும் வராது. வெறும் பஞ்சில் குத்திய தண்டு நாளடைவில் ஆடி ஆடித் துளையைப் பெரிதாக்கிவிடும். டெய்சிச் சாடி சரிந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மிச்ச இடத்துக்குப் பஞ்சு. பழைய தலையணையின் பொலியெஸ்டர் பஞ்சு நல்லது. இலவம்பஞ்சு ஈரத்தை ஒட்டவிடாது, அந்த வகையில் இந்த ஊருக்கு ஏற்றதுதான். ஆனால் அதன் இழை குட்டையும் வழுக்கலும். சின்ன இடைவெளி கிடைத்தாலும் வெளியே பறந்து வரும், அமர்ந்தும் போகும். பிறகு மண் வட்டத்தைத் தண்டு வழியாக இறக்கி, உள்ளே நிற்கும் 36 பின் இழைகளோடு தைத்து முடிக்கலாம். தண்டின் உயரம், மண்ணுக்கு மேலே, சாடியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் மேலே காற்றுக்குப் பிடி அதிகம்.

பூவும் இலையும்

பூவுக்கு ஒரு மாலைநேரம் கூட வேண்டாம். கடும் சிவப்பில் மேஜிக் ரிங், அதற்குள் 5 சிங்கிள். கடைசித் தையலின் கடைசி இழுப்பை வெள்ளையில் அல்லது இளஞ்சிவப்பில் எடுத்தால் நிறம் சுத்தமாக மாறும். புது நிறத்தில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு, ஆக 10. இனி இரண்டு கண்ணுக்கு ஒரு இதழ்: முதல் கண்ணில் ஸ்லிப், இரண்டு செயின், இரண்டு டபுள்; பக்கத்துக் கண்ணில் இரண்டு டபுள், இரண்டு செயின், ஸ்லிப். இப்படி ஐந்து. பட்டிப்பூ இதழ் அகலமாக, ஒன்றன் விளிம்பு மற்றதைத் தொட்டபடி காற்றாடி மாதிரி இருக்கும். ஆகவே இடைவெளி விழாமல் நெருக்கிப் பின்னினால்தான் சாயல் வரும். பூவின் கழுத்து நீண்ட மெல்லிய குழாய். அதற்குத் தண்டையே மேலே சற்று மெலிதாகச் சுற்றிவிட்டால் போதும்.

இலைக்கு 6 செயின். ஊசியிலிருந்து இரண்டாவது கண்ணில் தொடங்கி சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், ஹாஃப் டபுள், கடைசிக் கண்ணில் மூன்று சிங்கிள். திரும்பி மறுபக்கத்தில் ஹாஃப் டபுள், டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள். நுனியில் ஸ்லிப் போட்டு முடிக்கலாம். பட்டிப்பூவில் இலைகள் எதிரெதிராகச் சோடியாக வரும், நடு நரம்பு வெளிறியிருக்கும். இலைகளைப் படிக்கட்டு மாதிரி மாறி மாறி ஒட்டினால் செடி தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். நரம்புக்கு இளம்பச்சை நூலால் ஒரே ஒரு நீளத் தையல் போதும்.

இந்தச் சின்ன இலை தானாகவே நிமிர்ந்து நிற்கும். நீள இலை பின்னுவதானால் ஓரத்தில் தங்கூசியை (தூண்டில் நூல்) படுக்க வைத்து, அதன் மேலாக ஒரு சுற்று சிங்கிள் போடலாம். நைலோன்தானே, துருவும் இல்லை கறையும் இல்லை. பலர் இலையை விறைப்பாக்கக் கஞ்சி போடுகிறார்கள். மேசை விரிப்புக்கு அது சரி, அதைத் தோய்த்துத் தோய்த்துப் புதுக் கஞ்சி போடுவோம். அலுமாரித் தட்டில் வருடக்கணக்கில் இருக்கும் பூவுக்குக் கஞ்சி போட்டால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சியும் அரிக்கும். வெள்ளைப் பசையைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கரைத்து இலையின் பின்பக்கம் மட்டும் தூரிகையால் பூசினால் போதும்.

கடதாசிப்பூவும் இதே இலை அமைப்பில் வரும். நாம் பூ என்று பார்க்கிற மூன்று நிறத் தாள்களும் உண்மையில் இலைதான். பூ என்பது நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழாய். ஆகவே மஜெந்தா நூலில் மூன்று இலை பின்னி அடியில் சேர்த்து, நடுவில் ஒரு வெள்ளை முடிச்சு. கிளைக்கு மெல்லிய செப்புக் கம்பி. செவ்வரத்தையைக் கேட்பவர்களும் உண்டு. பூ பெரிது, அந்த நீண்ட நாக்கையும் சேர்த்தால் இன்னும் பெரிது. இந்தச் சாடியில் பாரம் மேலே ஏறி விழும். அதைச் சுவரில் மாட்டுவதாகச் செய்யலாம்.

கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைப் பார்த்துவிட்டு, சாடியோடு ஒரு மானும் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குத் தனியாக ஒரு பாடு இருக்கிறது. புள்ளிகளைப் பின்னலிலேயே கொண்டுவரப் பார்க்க வேண்டாம். முடிந்த பிறகு வெள்ளை நூலால் முடிச்சுத் தையல் போடுவது கெதியான வழி.

நிறம் எங்கே வெளிறும்

சிவப்பும் கடும் இளஞ்சிவப்பும் வாங்கியதும் ஒரு சாண் நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். சாயம் இறங்கினால் அந்த உருண்டையை வெள்ளைப் பூவின் நடுவுக்குப் பாவிக்கக் கூடாது. மழைக்கால ஈரம் போதும், கண்ணின் சிவப்பு இதழுக்குப் பரவ.

வெயில் வேறு கணக்கு. காலை வெயில் நேரே விழும் கிழக்கு யன்னலில் பருத்தி நூலின் இளஞ்சிவப்புத்தான் முதலில் வெளிறும். அக்ரிலிக் நூலின் சாயம் பொதுவாக வெயிலை அதிகம் தாங்கும். அதனால் யன்னலுக்குப் போகும் சாடி என்றால் சாடியைப் பருத்தியிலும் பூவை அக்ரிலிக்கிலும் பின்னுவது என் வழக்கம். அக்ரிலிக் பூவில் கொஞ்சம் மயிர் எழும்பும், தையலும் அவ்வளவு கூர்மையாகத் தெரியாது. உள் அறை மேசைக்கு என்றால் முழுவதும் பருத்திதான். அந்த வடிவு அக்ரிலிக்கில் வராது.

தூசுக்கு வண்ணம் பூசும் மெல்லிய தூரிகை. தோய்க்க வேண்டாம்.

விலையும் பொதியும்

ஒரு சாடிக்கு எல்லாமாக 20 முதல் 25 கிராம் நூல் போகும். அதாவது நிறங்கள் கலந்து கணக்குப் பார்த்தால் ஒரு 50 கிராம் உருண்டையில் இரண்டு. இதைச் சொன்னதும் சிலர் நூல் விலையை இரண்டால் பிரித்து, அதற்கு மேல் ஏன் என்று கேட்பார்கள். சட்டை பின்னும் இயந்திரங்கள் ஊரெல்லாம் உண்டு. குரோஷேக்கு அப்படி இல்லை. கடையில் எவ்வளவு மலிவாகத் தொங்கினாலும் அது எங்கோ ஒருவர் ஊசி பிடித்து ஒவ்வொரு கண்ணாக எடுத்ததுதான். நேரத்துக்கு விலை போடக் கூச்சமாக இருந்தால் பரிசாகவே கொடுத்துவிடலாம். அரைவிலைக்கு விற்பது பக்கத்துத் தெருவில் இதை நம்பி இருக்கும் இன்னொரு பெண்ணின் வயிற்றில் அடிப்பது.

எங்கள் பக்கம் கேள்வி அதிகம் வருவது ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்தை ஒட்டி. பிள்ளைகள் வகுப்பில் காசு சேர்த்து, முதல் நாள் பின்னேரம் வந்து நிற்பார்கள். அதற்கென்று சாடிகளை முன்கூட்டியே பின்னி அடுக்கி வைத்துவிட்டு, பூவை மட்டும் அவர்கள் கேட்கும் நிறத்தில் முடித்துக் கொடுக்கலாம். தண்டு தனியாக இருப்பதால் இது முடிகிறது. மண் வட்டத்தைத் தைப்பது கடைசி வேலை.

பொதி செய்ய கேக் பெட்டி போதும். சாடியைச் சுற்றிக் கசக்கிய கடதாசி வைத்து நெருக்கிவிட்டு, தண்டை மெல்ல வளைத்துப் பூவைப் பக்கவாட்டில் படுக்க விடுங்கள். செப்புக் கம்பி என்பதால் வாங்கியவர் நிமிர்த்தினால் நிமிரும், ஆனால் ஒரே இடத்தில் பல தடவை மடித்தால் செம்பும் முறியும். ஆகவே கூராக மடிக்காமல் அகல வளைவாக வையுங்கள்.

வெளிநாட்டுக்கு உறவுகளிடம் போகும் சாடிக்கு மட்டும் மணல் வேண்டாம். அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் மண், மணல் விடயத்தில் விமான நிலையத்திலேயே கடுமையாக இருப்பார்கள். பெட்டியைத் திறந்து, சாடியையும் வெட்டிப் பார்க்கலாம். அதற்குப் பதில் கண்ணாடிப் போளைகள் சிலவற்றைத் துணியில் சுற்றி, சத்தம் கேட்காதபடி இறுக்கித் தைத்து அடியில் வைக்கலாம். ஸ்டெயின்லெஸ் நட்டும் சரிதான், பயணப் பொதியின் எடைக் கணக்கு அனுமதித்தால்.